இயலாமையின் பெயர்கள்: டிக்கோயா மலைநாடும் தசையழற்சி ஆய்வின் வரலாறும்

நோய்களின் வரலாறு பெரும்பாலும் கிருமியின் வரலாறாகவோ, கிருமியைக் கண்டறிந்த மேதையின் வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. நோயுற்றவர் அவ்வரலாற்றிலே ஒரு சான்றாக மட்டும் வந்து போகின்றார். மலையகத் தொழிலாளர் பற்றிய ஆய்வுகள் சம்பளம், குடியுரிமை, குடியிருப்பு, கல்வி ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளன. ஆயின் அத்தொழிலாளரின் உடல் தளர்ந்தபோது அத்தளர்ச்சிக்கு யார் பெயரிட்டனர், எக்கருவி கொண்டு அதனை அளந்தனர், அவ்வளவீட்டால் யாருக்கு என்ன கிடைத்தது என்னும் வினாக்கள் ஒப்பளவிற் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளன.

அவ்வினாக்களை ஒரு குறிப்பிட்ட நோயை முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். உடலைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனம் உடலின் தசைகளையே தாக்குவதால் உண்டாகும் தசையழற்சி அந்நோயாகும். கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்நோயின் குறிகாட்டிகள் பல கண்டறியப்பட்டுள்ளன. நிர்ப்பீடனக் கலங்கள் ஒன்றுக்கொன்று விடுக்கும் சமிக்ஞைகளைக் குருதியிலும் தசை இழையத்திலும் இன்று வாசிக்க முடிகின்றது. இவ்வறிவின் வரலாற்றை டிக்கோயாவில் நின்று நோக்கும்போது, ஐரோப்பிய ஆய்வுகூடத்தில் நின்று நோக்குவோருக்குப் புலப்படாத சில உண்மைகள் புலப்படுகின்றன என்பது எமது கருத்து.

1. ஒரே ஆண்டில் இரு திசைகள்

1887ஆம் ஆண்டிலே கொழும்பில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. இலங்கையின் தலைமைக் குடிசார் வைத்திய அதிகாரியாகப் பணியாற்றிய டபிள்யூ. ஆர். கின்சி அதனை எழுதினார். இலங்கையிற் காணப்பட்ட குருதிச்சோகை அல்லது பெரிபெரி என்பதே அதன் பொருள். கொழும்பு மருத்துவ பீடம் அமைந்துள்ள வீதி இன்றும் கின்சியின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

அதே 1887இல் ஜேர்மன் மொழி மருத்துவ ஏடுகளில் எர்ன்ஸ்ட் வாக்னர், ஹைன்ரிச் உன்வெரிஷ்ட், பவுல் ஹெப் ஆகிய மூவரின் கட்டுரைகள் தனித்தனியே வெளியாயின. பல தசைகள் ஒருங்கே அழற்சியுற்று வலுவிழக்கும் நோயொன்றை அவை விவரித்தன. வாக்னர் 1863ஆம் ஆண்டிலேயே இத்தகைய அரிய நோயாளர் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார். எனினும் தசையழற்சி ஒரு தனி நோயாக மருத்துவ உலகில் இடம்பெற்றது 1887ஐ ஒட்டியே எனலாம்.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும் இரண்டும் ஒரே வினாவிலிருந்தே பிறந்தவை. எலும்பு முறியாத, காயம்படாத ஒரு மனித உடல் ஏன் எழுந்து நிற்க இயலாது போகின்றது என்பதே அவ்வினா. அதற்கு இரு திசைகளிலும் கிடைத்த விடைகள் ஒன்றுக்கொன்று எதிராக அமைந்தமை கவனத்துக்குரியது.

ஜேர்மனியில் 1860ஆம் ஆண்டு பிரீட்ரிக் சென்கர் என்னும் மருத்துவர், இறந்த இளம்பெண் ஒருத்தியின் தசைகளில் நுண்புழுக்கள் நிறைந்திருப்பதைக் கண்டார். சரியாக வேகாத பன்றியிறைச்சி வழியே மனிதரைச் சேரும் திரிக்கினா என்னும் புழு அது. அதன் பின்னர் ஒருவரின் தசைகள் வீங்கி வலித்தால் மருத்துவர் முதலிற் புழுவையே தேடினர். ஹெப் தம் நோயாளரிடத்தும் புழுவைத் தேடினார், காணவில்லை. எனவே தாம் கண்ட நோய்க்குப் ‘போலித் திரிக்கினா நோய்’ என்று பெயரிட்டார். ஐரோப்பாவிலே தசையழற்சி, தேடிய புழு கிடைக்காமையிலிருந்து பிறந்த நோயாகும்.

இலங்கையில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. உடல் வெளிறி, கால் வீங்கி, மூச்சிரைத்து, வேலை செய்ய இயலாது கிடந்தோரின் நோய் பெரிபெரி என வழங்கப்பட்டு வந்தது. அச்சொல் சிங்கள மொழியில் இயலாது எனப் பொருள்படும் சொல்லின் இரட்டிப்பு என்று பலரும் கூறுவர். அவ்வாறாயின் ‘இயலாது, இயலாது’ என்னும் நோயாளியின் கூற்றே நோயின் பெயராயிற்று. கின்சி அப்பெயரை ஏற்கவில்லை. இந்நோயாளரின் குடலிற் புழு இருக்கின்றது என்றும், அதுவே குருதியை வற்றச் செய்கின்றது என்றும் அவர் வாதிட்டார். 1838இல் இத்தாலியரான ஆஞ்சலோ டுபினி கண்டறிந்த கொழுக்கிப்புழு அது. இங்கே புழு கிடைத்தமையால் பழைய நோய்ப்பெயர் கலைந்து போயிற்று.

2. டிக்கோயாவில் உழைப்பும் உடலும்

ஹட்டனுக்கு அண்மையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலும் அதற்கு மேலும் பரந்துள்ளது டிக்கோயாப் பகுதி. முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் அதன் காடுகளை உண்டன. கோப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869இல் அடையாளங் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. 1884இல் புகையிரதப் பாதை ஹட்டனை எட்டியது. இம்மாற்றம் பயிரோடு நின்றுவிடவில்லை. உழைக்கும் உடலிடம் கேட்கப்பட்டதும் மாறியது. கோப்பி அறுவடைக் காலத்தில் மட்டும் பெருந்தொகையான கைகளை வேண்டியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. எனவே தமிழகத்திலிருந்து பருவந்தோறும் வந்து மீண்ட ஆண்களின் இடத்தில் பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட குடும்பங்கள் லயங்களிலே நிலைகொண்டன.

இவ்வுழைப்பு எத்தசைகளை வேண்டுகின்றது என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம். விடியுமுன் எழுந்து பிரட்டுக்களத்துக்குச் செல்ல வேண்டும். அங்கிருந்து படிக்கட்டற்ற சரிவுகளில் ஏறி மலைக்குப் போக வேண்டும். கூடையின் கயிறு நெற்றியிலும் தலையிலும் தங்கும். நிறையும் கூடையின் பாரத்தைக் கழுத்துத் தசைகளே ஏற்கும். கைகள் மார்பளவில் உயர்ந்து, பொழுது முழுதும் செடியின் மேற்பரப்பில் ஓடிக்கொண்டிருக்கும். மாலையிற் கூடையை நிறுவைக்குத் தூக்க வேண்டும். இவையனைத்தும் தோள், கழுத்து, இடுப்பு, தொடை ஆகியவற்றின் பெருந்தசைகள் செய்யும் தொழில்கள். தசையழற்சி முதலிற் பற்றுவதும் இத்தசைகளையே. விரல்களின் வலு பெரும்பாலும் நெடுநாள் குன்றாதிருக்கும்; கையை உயர்த்துதல், தாழ்ந்த இடத்திலிருந்து எழுதல், மேட்டில் ஏறுதல் ஆகியவையே முதலில் இயலாதனவாகும். நகரத்து எழுதுவினைஞர் ஒருவர் இந்நோயைச் சில மாதங்கள் மறைத்து வைத்திருக்கக்கூடும். கொழுந்து பறிக்கும் பெண்ணால் ஒரு வாரமேனும் மறைக்க முடியாது.

ஆனால் மறைக்க முடியாத அந்தத் தளர்ச்சி எங்கே பதிவாயிற்று? வைத்தியரின் ஏட்டிலன்று, கணக்கப்பிள்ளையின் செக்றோலிலேயே முதலிற் பதிவாயிற்று. தோட்ட வழக்கில் ஒரு நாட் சம்பளத்துக்குப் ‘பேர்’ என்று பெயர். குறித்த அளவு கொழுந்து பறிக்காதோருக்கு அரைப்பேர். உடலின் இயலாமை வருமானத்தின் குறைவாக மாற்றப்பட்டு, அந்த வடிவிலேயே ஆவணமாயிற்று. நோயுற்றவரும் வேலைக்கள்ளரும் அப்பதிவேட்டில் ஒரே குறியைப் பெற்றனர்.

தொழிலாளரின் நோய் பற்றி அரசு முற்றாக வாளாவிருந்தது என்றும் கூறுதற்கில்லை. 1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பகுதிகளில் வைத்திய வசதியை ஏற்படுத்த முனைந்தது. பின்வந்த திருத்தங்களின் வழியே மாவட்ட வைத்தியசாலைகளும் தோட்ட டிஸ்பென்சரிகளும் பரவின. 1912இல் மருத்துவத் தேவைகள் பற்றியும் தொழிலாளர் நோய்கள் பற்றியும் புதிய கட்டளைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. எனினும் வைத்தியச் செலவை யார் ஏற்பது என்னும் வழக்கு தோட்டத்துரைமாருக்கும் அரசுக்கும் இடையே ஓயாது நடந்தது. அதில் மூன்றாந் தரப்பாகிய நோயாளி சாட்சியாகவும் அழைக்கப்படவில்லை.

டிக்கோயாவின் வார்லி தேவாலயம் 1878இல் எழுந்தது. அதன் முற்றத்தில் துரைமாரின் கல்லறைகள் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டு நிற்கின்றன. அக்காலத்திலே தேயிலைச் செடிகளுக்கிடையே புதைக்கப்பட்ட தொழிலாளர் எந்நோயால் இறந்தனர் என்பதைக் கூறும் கற்கள் இல்லை. மருத்துவ வரலாற்றாசிரியன் இந்தச் சமமின்மையிலிருந்தே தன் தொழிலைத் தொடங்க வேண்டியுள்ளது.

3. புழு தந்ததும் மறைத்ததும்

கின்சியின் முடிவு முற்போக்கானதோர் அடியாகும். ‘இயலாது’ என்னும் முறையீட்டுக்கு உடலில் ஒரு காரணம் உண்டு என்பதை அது நிறுவியது. குடலின் சுவரைப் பற்றிக் குருதியை உறிஞ்சும் புழு கண்ணுக்குத் தெரியும், அதன் முட்டையை நுணுக்குக்காட்டியிற் காணலாம், எண்ணலாம். 1898இல் ஆர்தர் லூஸ் கெய்ரோவில், இப்புழுவின் குடம்பிகள் வெறுங்காலின் தோல் வழியே உடலிற் புகுகின்றன என்று காட்டினார். மலசலகூடமற்ற லயமும் வெறுங்காலும் ஈரமண்ணும் சேர்ந்த தோட்டம் புழுவுக்கு உகந்த இடமாயிருந்தமை இதனால் விளங்கிற்று.

ரொக்பெல்லர் அறக்கட்டளை இலங்கையில் 1916ஆம் ஆண்டு கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. அவ்வியக்கத்தின் வேர் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருந்தது. அங்கே 1902இல் சார்ள்ஸ் ஸ்டைல்ஸ் இப்புழுவைப் பற்றி உரையாற்றியபோது, பத்திரிகைகள் அதனைச் ‘சோம்பலின் கிருமி’ என்று வருணித்தன. ஏழை உழைப்பாளியைச் சோம்பேறி என இகழ்ந்த சமூகம், அச்சோம்பலுக்கு ஒரு கிருமியைக் கண்டுபிடித்து மகிழ்ந்தது. இலங்கைத் தோட்டங்களிலும் வாதம் ஏறக்குறைய அதுவே. புழுவை நீக்கினால் தொழிலாளி கூடுதலாக உழைப்பான். எனவே மருத்துவச் செலவு முதலீடாகும் என்று துரைமாருக்கு எடுத்துரைக்கப்பட்டது. மருந்து கொடுப்பதை ஏற்ற துரைமார் பலர் மலசலகூடம் கட்டும் செலவை ஏற்கத் தயங்கினர். மருந்துண்டவர் அதே மண்ணில் அதே வெறுங்காலுடன் நடந்து மீண்டும் புழுவைப் பெற்றார்.

இவ்வரலாற்றில் இரு படிப்பினைகள் உண்டு. முதலாவது, ஒரு குறிகாட்டி கிடைத்தல் பெரும் விடுதலையாகும். மலத்தில் முட்டை காணப்பட்டவரை வேலைக்கள்ளர் என்று கூறுவது கடினம். இரண்டாவது, கிடைத்த குறிகாட்டி ஏனைய காரணங்களை மறைக்கவும் வல்லது. புழு உறிஞ்சும் குருதியை ஈடுசெய்ய இரும்புச்சத்துள்ள உணவு வேண்டும். அது சம்பளத்தைப் பொறுத்தது. புழுவை மட்டும் எண்ணிய அறிக்கைகளில் அரிசியின் விலை இடம்பெற வேண்டிய தேவையிருக்கவில்லை.

மற்றொரு தேயிலை நாடாகிய அசாமில் இதன் தீவிர வடிவத்தைக் காணலாம். 1890இல் ஜீ. எம். கைல்ஸ் என்னும் அதிகாரி, அங்கு மக்களை மாய்த்த காலா அசார் என்னும் கொள்ளைநோயும் கொழுக்கிப்புழுவின் விளைவே என்று முடிவு செய்தார். அம்முடிவு தவறு. காலா அசாரின் உண்மையான காரணியாகிய நுண்ணுயிரை 1903இல் லீஷ்மனும், சென்னையிற் பணியாற்றிய டொனவனும் வெளிப்படுத்தினர். தேடியவர் கையில் இருந்த கருவி காட்டியதே நோயின் காரணமாகக் கொள்ளப்பட்டது. வேறு கருவி வரும்வரை வேறு காரணம் இல்லை.

4. புழுவற்ற அழற்சியின் வழி

ஐரோப்பாவில் புழுவற்ற அழற்சியைக் கண்டோர் வேறு வழியிற் சென்றனர். உன்வெரிஷ்ட் 1891இல், தோலிலும் தசையிலும் ஒருங்கே தோன்றும் வடிவத்துக்குத் தோல்தசையழற்சி எனப் பெயரிட்டார். கண்ணிமைகளில் ஊதாநிறத் தடிப்பும், விரல் மூட்டுகளின் மேற்புறத்தில் செதிலும் அதன் அடையாளங்கள். ஆயினும் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்நோய்க்கு மருந்தும் இல்லை, தெளிவான சோதனையும் இல்லை. 1948இல் பிலிப் ஹென்ச் முதலியோர் கோட்டிசோனை மூட்டுவாத நோயாளருக்குக் கொடுத்து வெற்றி கண்டனர். அழற்சியை அடக்கும் ஸ்டிரொயிட் மருந்துகள் பின்னர் தசையழற்சிக்கும் பயன்பட்டன. 1959இல் தோக்கியோவைச் சேர்ந்த செற்சுரோ எபாஷியும் அவர் குழுவினரும், சிதையும் தசையிலிருந்து கிரியட்டின் கைனேசு என்னும் நொதியம் குருதியிற் கசிவதைக் காட்டினர். 1975இல் பொஹானும் பீட்டரும், தசை வலுக்குறைவு, நொதிய உயர்வு, தசை இழையத்தின் தோற்றம், தசையின் மின்பதிவு, தோலின் அடையாளம் என்னும் ஐந்தைக் கொண்டு இந்நோயை வரையறுத்தனர். 2017இல் புதிய அனைத்துலக வகைப்பாடு வெளிவரும்வரை அதுவே பெரிதும் ஆட்சி செலுத்தியது.

நொதியம் தசை சிதைவதைச் சொல்லும். ஏன் சிதைகின்றது என்பதைச் சொல்லாது. டிக்கோயாவைப் பொறுத்தவரை வேறொரு சிக்கலும் உண்டு. கடும் உடலுழைப்பும், குறிப்பாகப் பாரத்துடன் சரிவில் இறங்குதலும், நோயற்றவரிடத்தும் இந்நொதியத்தைச் சிறிது காலம் உயர்த்தக்கூடும். எனவே உழைப்பாளியின் குருதியில் உயர்ந்த அளவு கண்ட வைத்தியர், இது வேலையால் வந்தது என்று தள்ளிவிடுதலும் கூடும். அளவீடு ஒன்றே, அதனைப் பொருள் கொள்வதற்கு நோயாளியின் தொழிலை அறிந்திருத்தல் வேண்டும்.

5. சமிக்ஞைகளை வாசித்தல்

நோயின் காரணத்தை நோக்கிய பயணம் 1970களின் நடுப்பகுதியிற் புதுத் திசை கொண்டது. தசையழற்சி நோயாளர் சிலரின் குருதியில், தம் உடற் கலங்களின் புரதங்களையே பற்றும் பிறபொருளெதிரிகள் இருப்பது தெரியவந்தது. 1976இல் மி-2 என்பதும், 1980இல் ஜோ-1 என்பதும் விவரிக்கப்பட்டன. அவை எந்நோயாளரின் குருதியில் முதலிற் காணப்பட்டனவோ அவர்தம் பெயரின் முதல் எழுத்துகளே அப்பெயர்கள். 1983இல், ஜோ-1 என்பது புரதத் தொகுப்பில் அமினோ அமிலமொன்றை உரிய இடத்திற் சேர்க்கும் நொதியமே என்று மத்தியூசும் பேர்ன்ஸ்டீனும் காட்டினர். இப்பிறபொருளெதிரி உடையோருக்குத் தசையோடு நுரையீரலும் மூட்டும் பாதிக்கப்படுதல் பெருவழக்கு. பின்னர் கண்டறியப்பட்ட எம்.டி.ஏ.5 என்பதற்கு எதிரான பிறபொருளெதிரி, தசை அதிகம் தளராதிருக்கவே நுரையீரல் விரைந்து கெடும் ஆபத்தை முன்னறிவிக்கின்றது. வேறொன்று புற்றுநோயைத் தேடுமாறு எச்சரிக்கின்றது. ஒரே நோய் என எண்ணப்பட்டது பல நோய்களின் குடும்பம் என்று ஆயிற்று.

இதே காலத்தில் தசை இழையமும் நுணுகி ஆராயப்பட்டது. 1984ஐ அடுத்து அரகாட்டாவும் எங்கலும், சிதையாத தசைநார்களுக்குள் கொல்லும் வெண்குழியங்கள் ஊடுருவுவதைச் சில வடிவங்களிற் கண்டனர். தோல்தசையழற்சியிலோ தசையின் நுண்குழாய்களே முதலில் தாக்கப்படுகின்றன என்பதற்கு 1986இற் சான்று கிடைத்தது. வழமையாகத் தசைநார்களின் புறத்தே மிக அரிதாகவே காணப்படும் இழையப் பொருத்தப் புரதங்கள், நோயுற்ற தசையில் மிகுந்து தோன்றின. அப்புரதத்தைத் தசையில் மட்டும் மிகுவிக்குமாறு செய்யப்பட்ட சுண்டெலிகளுக்குத் தசையழற்சி உண்டானதை 2000ஆம் ஆண்டு நாகராஜுவும் பிறரும் காட்டினர். தாக்குண்ட தசையும் போரில் ஒரு தரப்பாகிவிடுகின்றது என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

சமிக்ஞை என்னும் கருத்து இங்கேதான் மையமாகின்றது. 1957இல் ஐசக்சும் லிண்டன்மானும் இலண்டனில் இன்டர்பெரோனைக் கண்டறிந்தனர். வைரசு புகுந்த கலம் வெளியிடும் எச்சரிக்கை அது. அதனைப் பெற்ற அயற்கலம் தன் மென்சவ்விலுள்ள ஏற்பியின் வழியே செய்தியைக் கருவுக்கு அனுப்பி, நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகளை இயக்கிக் காப்புப் புரதங்களை உற்பத்தி செய்கின்றது. அவற்றுள் எம்எக்ஸ்ஏ என்பது ஒன்று. 2005ஆம் ஆண்டு ஸ்டீவன் கிறீன்பேர்க்கும் அவர் குழுவினரும், தோல்தசையழற்சி உற்றோரின் தசைகளில் இவ்வெச்சரிக்கையின் சுவடு நிறைந்திருப்பதைக் கண்டனர். தசைக்கட்டின் விளிம்பிலே மெலிந்து கிடந்த நார்களில் எம்எக்ஸ்ஏ மிகுந்திருந்தது. வெளிப்படையான வைரசுத் தொற்று இல்லாதிருந்தும் எச்சரிக்கை ஓயாது ஒலிக்கின்றது. அவ்வொலியே அழிவுக்குத் துணையாகின்றது. இன்று அச்சமிக்ஞைப் பாதையை இடையிலே தடுக்கும் மருந்துகள் தோல்தசையழற்சி நோயாளர் சிலருக்குக் கொடுக்கப்படுகின்றன. 2024இல் வெளியான ஆய்வொன்று, பிறபொருளெதிரிகள் தசைநார்களுக்குள்ளேயே புகுந்து தாம் பற்றும் புரதங்களின் தொழிலைக் குலைப்பதாகக் காட்டியுள்ளது. இவை வெறும் அடையாளங்கள் என்று கருதப்பட்ட நிலையும் மாறி வருகின்றது.

1887ஆம் ஆண்டின் புழுவையும் இங்கே மறந்துவிடலாகாது. கொழுக்கிப்புழு புகுந்த உடலும் மௌனமாக இருப்பதில்லை. அது வேறு வகைச் சமிக்ஞைகளை விடுக்கின்றது. இன்டலூக்கின் 4, 5, 13 என எண்ணிடப்பட்ட புரதங்கள் எழுகின்றன. இயோசினை ஏற்கும் வெண்குழியங்கள் பெருகுகின்றன. கின்சியின் காலத்து வைத்தியருக்கு முட்டை மட்டுமே தெரிந்தது. அதே நோயாளியின் உடல் எழுப்பிய மறுமொழியை வாசிக்கும் மொழி அன்று உருவாகவில்லை.

6. டிக்கோயாவில் நின்று நோக்கின்

தசையழற்சி அரிய நோய். ஓரிலட்சம் மக்களுள் ஒரு சிலரையே அது தாக்குகின்றது. ஆண்களிலும் பெண்களைக் கூடுதலாகத் தாக்குகின்றது. டிக்கோயாவில் அது பிற இடங்களிலும் மிகுதி என்று யாம் வாதிடவில்லை. அரிய நோய் ஒரு சமூகத்தின் மருத்துவ ஒழுங்கைச் சோதிக்கும் உரைகல் என்பதே எமது வாதம். பொதுநோயைக் கண்டறிய வழக்கம் போதும். அரிய நோயைக் கண்டறிய நோயாளியின் சொல்லை நம்புதல் வேண்டும்.

கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி கையுயர்த்த இயலவில்லை, மலையேற இயலவில்லை என்று டிஸ்பென்சரியிற் கூறுவதாகக் கொள்வோம். தோட்ட வரலாறு அவளுக்கு மூன்று விடைகளைத் தயாராக வைத்திருக்கின்றது: குருதிச்சோகை, வேலைக்களைப்பு, வேலைக்கள்ளம். முதலிரண்டும் பல வேளை உண்மையாகவே இருக்கும். அதனாலேயே நான்காவது விடை தேடப்படாது போகின்றது. குருதிச்சோகை உடல் முழுதையும் சோர்விக்கும். தோளையும் தொடையையும் மட்டும் தேர்ந்து வலுவிழக்கச் செய்யாது. தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடிகின்றதா, கூந்தலை வாரக் கை உயர்கின்றதா, உணவு விழுங்குவதில் இடரா என வினவுவதற்கு எக்கருவியும் வேண்டியதில்லை.

தோலின் அடையாளத்திலும் ஓர் அநீதி மறைந்துள்ளது. பாடநூல்கள் வருணிக்கும் ஊதாவும் செம்மையும் ஐரோப்பியத் தோலிற் கண்டு எழுதப்பட்டவை. கருமையான தோலில் அவை பழுப்பாகவோ மேலும் கருமையாகவோ தோன்றும். வெயிலிற் கறுத்தது என்று எளிதிற் கைவிடப்படும். புறவூதாக் கதிர் மிகுந்த நிலப்பகுதிகளில், ஏனைய தசையழற்சிகளோடு ஒப்பிடுகையில் தோல்தசையழற்சியும் மி-2 பிறபொருளெதிரியும் கூடுதலாகக் காணப்படுவதாக 2003இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று கூறிற்று. நிலநடுக்கோட்டுக்கு அணித்தாய், உயர்ந்த மலையில், திறந்த வெளியில் நாள்முழுதும் உழைப்போரிடத்து இவ்வினா எழுப்பத்தக்கதே. அதற்கு விடை காண்பது இந்நாட்டு ஆய்வாளரின் கடன்.

சிகிச்சையிலும் தோட்டத்தின் வரலாறு குறுக்கே வருகின்றது. தசையழற்சிக்கு முதன்மையான மருந்து ஸ்டிரொயிட். அது நிர்ப்பீடனத்தை அடக்குகின்றது. கொழுக்கிப்புழுவைப் போலவே தோல் வழியே புகும் ஸ்ட்ரொஞ்சிலோயிடிஸ் என்னும் மற்றொரு புழு, 1876இல் பிரெஞ்சுப் படைவீரரிடத்துக் கண்டறியப்பட்டது. அது ஒருவரின் குடலிற் பல ஆண்டுகள் அறிகுறியின்றி வாழ வல்லது. ஸ்டிரொயிட் கொடுக்கப்பட்டதும் கட்டவிழ்ந்து உடலெங்கும் பரவி உயிரையும் பறிக்கக்கூடும். காசநோயும் அவ்வாறே உறக்கத்திலிருந்து எழக்கூடும். ஆகவே வெறுங்காலுடன் ஈரமண்ணில் உழைத்த ஒருவருக்கு இம்மருந்தைத் தொடங்குமுன் புழுவையும் காசத்தையும் தேடி நீக்குதல் வேண்டும். ஹெப் புழு இல்லை என்று கண்டு தொடங்கிய நோய்க்கு இங்கே மருந்து கொடுக்கும்போது, கின்சியின் வினாவை மீண்டும் கேட்க வேண்டியதாகின்றது. 1887இல் பிரிந்த இரு வழிகளும் ஒரே நோயாளியின் படுக்கையருகிற் சந்திக்கின்றன.

வசதிகளைப் பொறுத்தவரை மாற்றம் நிகழாமல் இல்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் தேசியமயமாக்கலையடுத்துத் தோட்ட மருத்துவத்தில் அரசின் பொறுப்பு படிப்படியாக விரிந்தது. 1992இல் தோட்ட நிருவாகம் மீண்டும் தனியார் கைக்குச் சென்றது. 1962இல் பேராதனையில் மருத்துவக் கல்வி தொடங்கியமை மலைநாட்டுக்கு அண்மையில் விசேட வைத்தியரை உருவாக்கிற்று. டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்கு இந்திய நிதியுதவியுடன் அமைக்கப்பட்ட 150 படுக்கைகள் கொண்ட புதிய கட்டடத்தொகுதி 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியால் திறந்துவைக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் தசை இழையத்தை எடுத்து ஆராய்தலும், பிறபொருளெதிரிகளை வகைப்படுத்தலும் பெருநகர நிலையங்களிலேயே திரண்டுள்ளன. நாட்சம்பளம் பெறுபவர் கண்டிக்கோ கொழும்புக்கோ செல்லும் ஒவ்வொரு பயணமும், பேருந்துக் கட்டணத்தோடு ஒரு நாட் பேரையும் விலையாகக் கேட்கின்றது. குறிகாட்டி உலகில் இருக்கின்றது. நோயாளிக்கும் அதற்கும் இடையே சம்பளப் பதிவேடு நிற்கின்றது.

7. முடிவுரை

நூற்றைம்பது ஆண்டுக்கால மலைநாட்டு மருத்துவத்திலே ‘இயலாது’ என்னும் ஒரு சொல்லுக்குப் பல பெயர்கள் இடப்பட்டுள்ளன. சோம்பல் என்றது தோட்ட நிருவாகம். பெரிபெரி என்றது பழைய வைத்தியம். கொழுக்கிப்புழு என்றது கின்சியின் நுணுக்குக்காட்டி. இன்டர்பெரோன் என்றும் பிறபொருளெதிரி என்றும் கூறுகின்றது இன்றைய ஆய்வுகூடம். ஒவ்வொரு பெயரும் அதற்கு முன்னையதிலும் உண்மைக்கு அணித்தாய் வந்துள்ளது. ஆயின் எப்பெயரும் தானாகவே தொழிலாளியைச் சென்றடையவில்லை. மலத்தை நுணுக்குக்காட்டியில் வைக்க ஒரு சட்டமும் ஓர் இயக்கமும் தேவைப்பட்டன. அவையும் மலசலகூடத்தின் வாயிலில் நின்றுவிட்டன.

ஆகவே மூன்று பணிகளை முன்வைக்கின்றோம். முதலாவது, தோட்டப் பகுதி வைத்தியசாலைகளின் பழைய பதிவேடுகளையும் செக்றோல்களையும் அழியுமுன் திரட்டிப் பாதுகாத்தல் வேண்டும். நோய் வரலாற்றின் மூலங்கள் அவையே. இரண்டாவது, தசை வலுக்குறைவை அறியும் எளிய சோதனைகளைத் தோட்ட வைத்திய ஊழியருக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் தமிழிற் கற்பித்தல் வேண்டும். கருந்தோலில் நோய் தோன்றும் விதத்தைப் படங்களுடன் விளக்குதல் வேண்டும். மூன்றாவது, நோயாளி நகருக்கு அலைவதற்குப் பதிலாகக் குருதி மாதிரி நகருக்குச் செல்லும் ஒழுங்கும், பரிசோதனை நாளுக்குச் சம்பளம் குறையாத ஒழுங்கும் தொழிற்சங்கங்களின் கோரிக்கைகளுள் இடம்பெறல் வேண்டும்.

ஜோ-1 என்னும் குறிகாட்டியின் பெயரில் ஒரு நோயாளியின் பெயர் ஒளிந்திருக்கின்றது. அவர் தம் உடல் பற்றிக் கூறியதை ஒருவர் கேட்டதனால் அறிவியல் அப்பெயரைப் பெற்றது. டிக்கோயாவின் மலைகளில் ‘பேர்’ என்னும் சொல் நெடுங்காலமாக ஒரு நாட்கூலியையே குறித்து வந்துள்ளது. அரைப்பேரின் பின்னால் இருந்த முழு மனிதரை மருத்துவமும் வரலாறும் ஒருசேரத் தேடத் தொடங்கும் நாளிலேதான் இக்குறிகாட்டிகள் மலையக மக்களின் உடைமையாகும்.